தசமத்தின் கைகள்

எனக்குத் திராட்சை அவ்வளவாகப் பிடிக்காது. விதை பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். விதையில்லாதது என்றாலோ ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருடமாகத் திராட்சையை வெட்டி, உறையவைத்து, அரைத்துச் சோதிப்பவள் இப்படிச் சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். என் தங்கை நிச்சயம் சிரிப்பாள். "துணிக்கடைக்காரன் பொண்டாட்டிக்குத்தான் நல்ல புடவை இருக்காது, தெரியுமாக்கா" என்பாள்.

இந்த அறையின் ஜன்னல் திறக்காது என்பதை நேற்றே கவனித்தேன். எனக்கு அது புதிதில்லை. எங்கள் ஆய்வகத்திலும் எந்த ஜன்னலும் திறக்காது. தூசி வரக்கூடாது என்று ஆணி அடித்து மூடியிருக்கிறோம். நடந்ததை என் வார்த்தைகளிலேயே எழுதித் தரும்படி கேட்டீர்கள். எழுதுகிறேன். உங்கள் விசாரணைக் குழுவில் எல்லாரும் வேதியியல் படித்தவர்கள் இல்லை என்பதால் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

திராட்சைக் குலை பிஞ்சாக இருக்கும்போது அதை ஒரு மருந்துக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். பழம் பருக்கும், பளபளக்கும், எடை ஏறும். வளர்ச்சி ஊக்கி என்பது அதன் அலுவலகப் பெயர். தோட்டத்தில் முக்கு மருந்து என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம். பழத்தில் அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. பழத்தை உறையவைத்து மாவாக அரைத்து, பத்துக் கிராம் நிறுத்து, கரைப்பான் ஊற்றி, உப்புப் போட்டுக் குலுக்கி, சுழலவிட்டு, மேலே தெளிகிற சாற்றை இயந்திரத்துக்குக் கொடுப்போம். மருந்து இருந்தால் திரையில் வரைகோடு ஒரு மேடாக எழும்பும். மேட்டின் அளவை வைத்து மருந்தின் அளவைச் சொல்வோம். ஒரு கிலோ பழத்தில் ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு இருக்கலாம். அதை ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இருந்தால் அந்தச் சரக்கு திரும்பிப் போகும்.

ஆனால் பழச்சாறே இயந்திரத்தைக் கொஞ்சம் குழப்பும். அதனால் மருந்தே படாத பழம் ஒன்றை முதலில் அரைத்து, அதை வைத்துத்தான் இயந்திரத்தைப் பழக்குவோம். அதற்குச் சுத்தப் பழம் என்று பெயர். கடைத் தராசை வெறும் தட்டோடு பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது போல. தட்டில் ஒரு கல் கிடப்பது தெரியாமல் பூஜ்யம் ஆக்கிவிட்டால், பிறகு எதை நிறுத்தாலும் அந்தக் கல்லின் எடை குறைவாகவே காட்டும். விஷயம் அவ்வளவுதான்.

சுத்தப் பழம் கிடைப்பது கஷ்டம். எங்களுக்கு அது என் தங்கை வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை திராட்சை விவசாயி. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய விரல்களில் இலைக்கறை போகாமல் இருந்ததைப் பார்த்து, "இவர் உழைக்கிற ஆள், ஒத்துக்கோ" என்று தங்கையிடம் சொன்னவள் நான்தான். அந்த வீட்டில் அவள் மாமியார் ஒரு வாய்க்காரி. எடுத்ததற்கெல்லாம் சொல் விழும். அப்படிப்பட்டவர்கூட, "லேபுக்கே நம்ம பழந்தான் போகுதாம்" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசுவாராம். ஒரே ஒரு வரிசைக் கொடியை எங்களுக்காக மருந்து படாமல் விட்டுவைத்திருந்தார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் வந்த பெட்டியைத் திறந்ததும் பழம் நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. புதுப் பெட்டி வந்தால் முதலில் அதையே சோதிக்க வேண்டும் என்பது விதி. நம் வீட்டுப் பழம்தானே என்று சோதித்ததாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, வேறு எதற்காகவோ அந்தச் சாற்றைத் தனியாக ஓட்டியபோது திரையில் மேடு எழும்பியது. நான்கு புள்ளி. இயந்திரத்தைக் கழுவி மறுபடி ஓட்டினேன். மறுபடி நான்கு. அதற்குள் அறுபத்தேழு அறிக்கைகள் என் கையெழுத்தோடு போய்விட்டிருந்தன.

தங்கைக்குப் போன் செய்தேன்.

"ஏன்டி, லேபுக்குக் குடுக்கிற வரிசையில மருந்து முக்கினீங்களா?"

"அவர் இல்லக்கா, நான்தான். ரெண்டு தடவை முக்கினேன். பட்டாணி மாதிரி இருந்துச்சு பழம். அதையா அக்காவுக்குக் குடுத்துவிடறது? உன் ஆபீஸ்ல நாலு பேர் பாத்தா, இதான் உன் தங்கச்சி வீட்டு லட்சணமான்னு கேக்க மாட்டாங்க?"

"முக்கக்கூடாதுன்னு சொன்னேனே."

"வித்துடாதீங்க, லேபுக்குன்னு சொன்னே. திங்கறதுக்குன்னு நெனச்சேன். சரி விடுக்கா, அவ்வளவுதானே. வேற எங்கியாவது வாங்கிக்கோ. நான் வேணா உன் பெரிய ஆபீசர்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டா?"

அவளைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். விஷயம் வெளியே வந்தால் மாமியார் அவளை என்ன பாடு படுத்தியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு அறிக்கையைக்கூடத் திரும்பப் பெறாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்து வேறு சுத்தப் பழம் வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது முடியாது என்று தெரிந்தது. ஐந்து புள்ளி மருந்து உள்ள பழம் எங்கள் அறிக்கையில் ஒரு புள்ளியாகத் தேறிக்கொண்டிருந்தது. உண்மையான சுத்தப் பழத்துக்கு மாறிய அன்றே, அதே தோட்டங்களின் பழம் ஐந்து, ஆறு என்று குதிக்கும். நேற்றுவரை எப்படித் தேறியது என்று கேள்வி வரும். ஆகவே அடுத்த பருவத்திலும் தங்கையிடம், "போன தடவை மாதிரியே முக்கிக் குடு, அதே அளவு, ரெண்டு தடவை" என்று சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். "பாத்தியா, கடைசில என் பழந்தான் புடிச்சிருக்கு" என்றாள்.

தினமும் சுத்தப் பழத்தைத் தனியாக ஓட்டிக் கோப்பில் வைக்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு மட்டும், பழைய வருடத்து நல்ல பழச்சாற்றில் மிச்சம் வைத்திருந்ததைக் கொடுப்பேன். அந்தப் புட்டியை வேறு யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விடுப்பு எடுக்க முடியாது. உடம்புக்கு முடியாவிட்டாலும் காலையில் போய் அந்த ஒரு வேலையை முடித்துவிட்டு வருவேன். என்ன பொறுப்பு என்று பாராட்டினார்கள். அந்தக் குளிர்பெட்டியின் சாவி இரண்டு வருடம் என் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. குளிக்கும்போதுகூட.

இப்போது எங்கள் பிரிவில் வேலை செய்த தசமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துக் கிராம் என்றால் எல்லாருக்கும் பத்தரைவரை பத்துதான். அவளுக்கு மட்டும் தசமத்துக்குப் பின் இரண்டு பூஜ்யம் வரவேண்டும். சிட்டிகை சிட்டிகையாக நுனிக்கரண்டியால் தட்டித் தட்டிப் போடுவாள். அதனால் தசமம். பெயர் வைத்தவள் நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "உன்னோட தசமத்துல என் சாப்பாட்டு நேரம் போயிடும் போலிருக்கே" என்றேன். "பசியையும் நிறுத்துப் பாத்துடலாம் மேடம்" என்றாள். அவளுக்குப் பள்ளி வேன் ஓட்டும் கணவர், ஒரு பெண் குழந்தை. பிரசவ விடுப்பு முடிந்து வந்தபோது குழந்தையை என் மடியில் போட்டு, "மேடம், இதுக்கு மட்டும் எடை பாக்காம முத்தம் குடுக்கறேன்" என்றாள். ஆய்வகத்தில் யாரையாவது என் சொந்தத் தங்கை மாதிரி நினைத்தேன் என்றால் அது அவளைத்தான்.

தங்கைக்குத் திடீரென்று குடல்வால் அறுவைச் சிகிச்சை. மூன்று நாள் நான் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று. சாவியைத் தசமத்திடம் கொடுத்துவிட்டுப் போனேன். அந்த மூன்று நாளில் சுத்தப் பழம் தீர்ந்துவிட்டது. அவள் தன் வாடகை வீட்டுச் சொந்தக்காரம்மா பின்கட்டில் வளர்க்கும் கொடியிலிருந்து இரண்டு குலை கேட்டு வாங்கி, அதைச் சோதித்து, மருந்து இல்லை என்று உறுதிசெய்து பயன்படுத்தியிருக்கிறாள். விதிப்படிதான். அந்த வாரம் வந்த எட்டுப் பழ மாதிரிகளில் ஐந்து தேறவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பழைய பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி அதையும் ஓட்டியிருக்கிறாள்.

நான் திரும்பி வந்த அன்று காலை என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், கோச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லவா?"

"கோச்சுக்குவேன்னு தெரிஞ்சும் தினம் சொல்றவதானே நீ. சொல்லு."

"நம்ம சுத்தப் பழம் சுத்தமில்ல மேடம். நாலு புள்ளி இருக்கு. யாரோ தெரியாம முக்கியிருக்காங்க. பாவம், உங்க தங்கச்சிக்கே தெரியாது போல."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. விடுகதைக்கு விடை கண்டுபிடித்த குழந்தை மாதிரி இருந்தாள். நான் நிதானமாகக் கேட்டேன்.

"யாரு நிறுத்தது?"

"நான்தான் மேடம்."

"அரைச்சது?"

"நான்தான்."

"கரைச்சது?"

"எல்லாம் நான்தான். நீங்கதான் இல்லியே."

"அப்ப எல்லாத்துலயும் பொதுவா இருக்கிறது எது?"

எந்த ஆய்வகத்திலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேலை செய்தவரின் கையைத்தான். நான் சொன்னதில் தவறில்லை. அவள் தன் இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஐயோ, நான்தானா அந்த முக்கு மருந்து" என்று சிரித்தாள். அந்த நிமிடம்வரை என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. அவள் தன் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பழமே போடாமல் வெறும் கரைப்பானை மட்டும் எல்லாப் படியிலும் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தால் கை சுத்தமா என்று தெரிந்துவிடும். மறுநாள் அவளை அப்படிச் செய்யச் சொன்னேன். அவள் வருவதற்கு முன், அவளுடைய கையுறைப் பெட்டியில் மேலாக இருந்த இரண்டு உறைகளில் மருந்துக் கரைசலை ஒரு துளி தடவி உலரவைத்தேன். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. திரையில் மேடு எழும்பியது. அந்த வாரத்து எட்டு முடிவுகளும் தள்ளுபடி ஆயின. காரணம் என்ற இடத்தில், "பணியாளர் கைவழி மாசு" என்று எழுதினேன். அவளே பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அன்றோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஒரே ஒரு நாள் அழுக்காக இருந்து மறுநாளே சுத்தமாகிவிட்டால் அவள் திரும்பவும் அந்தச் சுத்தப் பழப் பெட்டியிடம்தான் போவாள். தசமத்தின் குணம் எனக்குத் தெரியும். அதனால் வாரத்துக்கு இரண்டு முறை. சில வாரம் ஒன்றுமே இல்லை. சில சமயம் அவள் குடுவையில், சில சமயம் கரண்டியில். சாவி இருந்த அதே சங்கிலியில் மருந்துக் கரைசல் அலமாரியின் சாவியும் சேர்ந்தது. பதினோரு மாதம். அவள் எந்த நாளில் என்ன மாற்றினாள் என்று நான் குறித்துவைக்க வேண்டியிருந்தது. அவள் செய்த மாற்றத்துக்கும் வந்த முடிவுக்கும் தொடர்பு தென்படக் கூடாது. இதற்கே என் பாதி நாள் போயிற்று. கஷ்டம் எனக்கும்தான்.

அவள் முதலில் சோப்பை மாற்றினாள். பிறகு தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். மோதிரத்தைக் கழற்றினாள். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் பழம் வாங்குவதை நிறுத்தினாள். கழுவிக் கழுவிக் கை தோலுரிந்து சிவந்தபோது, மணம் இல்லாத களிம்பு ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். "உங்களை மாதிரி ஒரு மேடம் யாருக்குக் கிடைக்கும்" என்று அழுதாள். மற்றவர்கள் கிண்டல் செய்தால் நான் விடமாட்டேன். ஒருமுறை அரைவை இயந்திரக்காரர், "தசமம், உன் பக்கம் வந்தா என் பழமும் பருத்துடும் போல, தள்ளி நில்லு" என்றார். நான் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். அதைக் கோப்பிலும் பார்க்கலாம்.

கடைசியில் நிர்வாகம் அவளை மாதிரிகளைத் தொடக்கூடாது என்று விலக்கிவைத்தது. அந்த உத்தரவில், "வேண்டுமென்றே செய்ததாகத் தெரியவில்லை" என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது நான். இரண்டு மாதம் பதிவேட்டு அறையில் உட்கார்ந்திருந்தாள். பேனாவை டிஷ்யூ தாளால் சுற்றிப் பிடித்து எழுதினாள். பிறகு அவளாகவே வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் வீட்டுக்குப் போகிறேன். எட்டு மாதத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வாசலிலேயே வாளியும் சோப்பும் இருக்கும். கதவுப்பிடியில் துணி சுற்றியிருக்கும். அவள் கூடத்தின் நடுவில், எதிலும் படாமல், கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சமையல் கணவர்தான். போன மாதம் அவர் என்னைத் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டார்.

"மேடம், புள்ளையைத் தொட மாட்டேங்கறா. அது அம்மான்னு ஓடிவந்தா எந்திரிச்சு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கறா. என் கை பட்டா புள்ளைக்குள்ள போயிடும்ங்கறா. என்ன போகும்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

"டாக்டர்கிட்ட?"

"காட்டிட்டேன். மாத்திரை குடுத்தாங்க. மாத்திரையைத் தொட மாட்டேங்கறாளே. நான்தான் வாய்ல போடறேன். புள்ளை இப்பல்லாம் அவகிட்ட போகும்போது ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்குது மேடம். நாலு வயசு. இந்த மாசக் கடைசியில எங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடப்போறேன். அங்க பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு."

இதற்கு நடுவில்தான் உங்கள் விசாரணை வந்தது. ஒரே பழத்தைப் பத்தொன்பது ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒப்பிட்டீர்கள். பதினெட்டுப் பேர் ஐந்து என்றார்கள். நாங்கள் ஒன்று என்றோம். நீங்கள் வந்து எங்கள் சுத்தப் பழத்தைத் திறந்து பார்த்தீர்கள். நேற்று உங்கள் வரைவு அறிக்கையை எனக்குக் காட்டினீர்கள். வேலையை விட்டுப்போன பணியாளரின் கைவழி மாசுதான் சுத்தப் பழத்தையும் கெடுத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த முடிவு முறைப்படி தவறு. அவள் கையில் எந்த நாளும் எந்த மாசும் இருந்ததில்லை. நான் பார்த்ததிலேயே சுத்தமான கைகள் அவளுடையவை. பழத்தைக் கெடுத்தது அறியாமல் என் தங்கை. அறிந்தே மறைத்தது நான். தசமத்தின் கையுறையில், குடுவையில், கரண்டியில் பதினோரு மாதம் மருந்து வைத்தது நான். அவளுக்கு விதித்த தடையை நீங்கள் நீக்கிவிட வேண்டும். தங்கையை மட்டும் எதற்கும் அழைக்காதீர்கள்.

உங்களுக்கு முன்பே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன ஞாயிறு போனேன். குழந்தையின் துணிகள் பையில் அடுக்கியிருந்தன. கணவர் கடைக்குப் போயிருந்தார். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, இங்கே எழுதியிருப்பதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கையுறையைச் சொன்னேன். தேதிகளையும் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"வேணாம் மேடம்."

"என்ன வேணாம்?"

"எனக்காக இப்படிப் பழியை உங்க மேல போட்டுக்காதீங்க. புள்ளையை அனுப்பறாங்கன்னு தெரிஞ்சுதானே இப்படி ஒரு கதை சொல்றீங்க? உங்க மனசு எனக்குத் தெரியாதா. நான் எத்தனை தடவை ஓட்டிப் பாத்தேன், எல்லாத்துலயும் வந்துச்சே. இயந்திரம் பொய் சொல்லுமா மேடம்?"

என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வந்தவள், பாதியில் நினைவுவந்து தன் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கணவரின் வேன் வரும் சத்தம் கேட்டது. குழந்தை பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனது. போகும்போது திரும்பி, பையைக் கீழே வைத்து, கைகளைப் பின்னால் கட்டியபடி, கன்னத்தை மட்டும் அவள் பக்கம் நீட்டிக் காத்திருந்தது. தசமம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தடையை நீக்கும்போது இந்த வாக்குமூலத்தை அவளிடம் காட்ட வேண்டாம். வேலை போயிற்று, குழந்தையும் போயிற்று. அவளிடம் இப்போது மிச்சமிருப்பது என்மேல் அவள் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றுதான், அதையும் பறித்துக்கொள்கிற அளவுக்கு நான் இரக்கமில்லாதவள் இல்லை.